இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங் படித்தவர் அமெரிக்காவில் சி.ஆர்.என்.ஏ. ஆவதற்கு: விண்ணப்பம் முதல் சான்றிதழ்த் தேர்வு வரை

கேள்வியின் சுருக்கம் இது. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, சென்னையில் 4 ஆண்டு ஐ.சி.யூ.வில் இருந்துவிட்டு, கிரீன் கார்டில் டெக்சாஸ் வந்து ஒன்றரை ஆண்டாக இதய அறுவை ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்கிறார்: சி.ஆர்.என்.ஏ. எனப்படும் மயக்க மருந்து நர்ஸ் படிப்புக்கு இப்போதே விண்ணப்பிக்கலாமா, ஐந்தரை ஆண்டு அனுபவம் போதுமா, சி.சி.ஆர்.என். என்ற தீவிர சிகிச்சை நர்ஸ் சான்றிதழ்த் தேர்வும் படிப்பு முடிந்தபின் வரும் தேசியத் தேர்வும் எப்படி இருக்கும், எப்படித் தயாராவது?

விண்ணப்பிக்கலாம். ஆனால் உங்கள் அனுபவம் ஐந்தரை ஆண்டு இல்லை, ஒன்றரை ஆண்டுதான். மயக்க மருந்து நர்ஸ் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பான சி.ஓ.ஏ.வின் விதிப்படி, தீவிர சிகிச்சை அனுபவம் அமெரிக்காவிலோ, அதன் ஆட்சிப்பகுதிகளிலோ, வெளிநாட்டில் உள்ள அமெரிக்க ராணுவ மருத்துவமனையிலோ பெற்றதாக இருக்க வேண்டும். சென்னையில் எத்தனை வென்டிலேட்டர் நோயாளிகளைப் பார்த்திருந்தாலும் அந்த 4 ஆண்டு இந்தக் கணக்கில் சேராது. இதைச் சொல்லும்போது எனக்கே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த அனுபவத்தின் தரத்தில் குறை எதுவும் இல்லை. இது தெரியாமல் விண்ணப்பக் கட்டணம் கட்டிவிட்டு, முதல் வடிகட்டலிலேயே வெளியேறுகிறவர்கள் உண்டு. சென்னை அனுபவத்தை ரெஸ்யூமேயில் தாராளமாகப் போடுங்கள். நேர்காணலில் அதைப் பற்றிப் பேசவும் செய்யுங்கள். தகுதிக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.

குறைந்தபட்சம் 1 ஆண்டு முழுநேரத் தீவிர சிகிச்சை அனுபவம் வேண்டும் என்பதே விதி. அது வாசற்படி மட்டும். இடம் கிடைப்பவர்களில் பெரும்பாலோரிடம் 2, 3 ஆண்டு இருக்கும். உங்களுடையது இதய அறுவை ஐ.சி.யூ. என்பது நல்ல விஷயம். தமனிக் குழாய், மத்திய சிரை அழுத்தம், நுரையீரல் தமனிக் கதீட்டர், வென்டிலேட்டர், ரத்த அழுத்தத்தைத் தாங்கும் டிரிப்கள், இதயத் துணைக் கருவிகள் எல்லாமே அங்கே அன்றாட வேலை. சி.ஓ.ஏ. தீவிர சிகிச்சை என்று எதைச் சொல்கிறதோ அதன் நடுவில்தான் நீங்கள் நிற்கிறீர்கள். ஐ.சி.யூ.வுக்கும் வார்டுக்கும் இடைப்பட்ட ஸ்டெப்-டவுன் பிரிவைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். அவசர சிகிச்சைப் பிரிவைச் சில கல்லூரிகள் ஏற்கும், பல ஏற்காது. ஏஜென்சி ஒப்பந்தத்தில் வந்து பொது வார்டில் இருப்பவர்கள், ஒப்பந்தம் முடியும் முன்பே அதே மருத்துவமனைக்குள் ஐ.சி.யூ.வுக்கு மாறும் வழியைக் கேட்க வேண்டும். ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் என்ன தொகை கட்ட வேண்டும் என்பதை எழுத்தில் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கையில் இருக்கும் மாதங்களை எப்படிச் செலவழிப்பது? கடினமான நோயாளியைக் கேட்டு வாங்குங்கள். புதிதாக பைபாஸ் முடிந்து வருபவர், இதயத்துக்குத் துணைநிற்கும் பலூன் பம்ப்பில் இருப்பவர், இதயம் நுரையீரல் வேலையை வெளியே செய்யும் எக்மோ கருவியில் இருப்பவர் யாராக இருந்தாலும் சரி. ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு நோயாளியின் ஒரு டிரிப்பை எடுத்துக்கொண்டு, இது எந்த ஏற்பியில் (மருந்து போய் ஒட்டி வேலை செய்யும் இடம்) வேலை செய்கிறது, ஏன் இவருக்கு இது, இதை நிறுத்தினால் அடுத்த பத்து நிமிடத்தில் என்ன ஆகும் என்று உங்களையே கேளுங்கள். சி.சி.ஆர்.என்., நேர்காணல், கடைசித் தேர்வு மூன்றுக்கும் சேர்த்துப் படிக்கிற ஒரே பாடம் இதுதான்.

அடுத்தது காகித வேலை. நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2022 ஜனவரி 1 முதல் இந்தப் படிப்பில் சேருகிறவர்கள் எல்லாருமே முனைவர் நிலைப் படிப்பில்தான் சேர முடியும். பழைய முதுகலைப் பாதை மூடிவிட்டது. கல்லூரியைப் பொறுத்துப் பட்டம் டி.என்.பி. (நர்சிங் முனைவர்) அல்லது டி.என்.ஏ.பி. (நர்ஸ் மயக்கவியல் முனைவர்) என்று இருக்கும். காலம் குறைந்தது 36 மாதம். நுழைய இளங்கலைப் பட்டம் வேண்டும் என்பதால் ஜி.என்.எம். டிப்ளமோ மட்டும் உள்ளவர்கள் முதலில் பட்டத்தை முடிக்க வேண்டும். இங்கேயே ஆர்.என்.-டு-பி.எஸ்.என்., அதாவது நர்ஸ் உரிமம் உள்ளவர்களுக்கான பட்டப்படிப்பு, படிப்பது பெரும்பாலும் லாபம், ஏனென்றால் அதோடு ஒரு அமெரிக்க ஜி.பி.ஏ. (4க்கு இத்தனை என்ற மதிப்பெண் சராசரி) கையில் வந்துவிடும்.

உங்கள் பி.எஸ்சி. மதிப்பெண்களைப் பாடவாரியாக மதிப்பிட்டு அமெரிக்க ஜி.பி.ஏ.வாக மாற்றித் தர வேண்டும். என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் உரிமத் தேர்வுக்கும் விசாவுக்கும் செய்த மதிப்பீடு போதும் என்று நினைக்காதீர்கள். பாடவாரி அறிக்கைதான் வேண்டும் என்று கல்லூரிகள் கேட்கும், எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்போம் என்றும் சொல்லும். டிரான்ஸ்கிரிப்ட் சென்னை டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலிருந்து வர வேண்டுமானால், ஊரில் யாராவது ஒருவர் நேரில் போய்ப் பின்தொடர்வதே வேகமான வழி. கடைசித் தேதிக்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். பல கல்லூரிகள் நர்சிங்காஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக வாங்குகின்றன. அங்கே நீங்கள் சமர்ப்பித்த நாளுக்கும் விண்ணப்பம் சரிபார்த்து முடிந்த நாளுக்கும் இடைவெளி இருக்கும். கல்லூரி சொல்லும் தேதி இந்த இரண்டில் எது என்று படித்துப் பாருங்கள்.

இன்னொன்று பெயர். இனிஷியல் பழக்கம் நம்மை எங்கும் விடாது. பட்டச் சான்றிதழில் முன்னால் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, நர்சிங் உரிமத்தில் கணவர் பெயர் என்று மூன்று விதமாக இருந்தால், மதிப்பீட்டு நிறுவனம் ஆவணங்களை ஒரே ஆளுடையதாகச் சேர்க்காமல் நிறுத்திவைக்கும். தேர்வு மையத்திலும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் பதிவு செய்த பெயரும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள். ஒரே வடிவத்தை முடிவு செய்து, உரிமத்தையும் ஓட்டுநர் அட்டையையும் இப்போதே அதற்கு மாற்றிவிடுங்கள்.

ஜி.பி.ஏ. 3.0 என்பது பொதுவான கீழ்வரம்பு, அறிவியல் பாடங்களுக்குத் தனியாகவும் கணக்கிடுவார்கள். வேதியியல், உடற்கூறு, உடலியங்கியல், புள்ளியியல் ஆகியவற்றைக் கேட்பார்கள், சில இடங்களில் இயற்பியலும் உண்டு. இந்தப் பாடங்கள் கடந்த 5 முதல் 10 ஆண்டுக்குள் படித்தவையாக இருக்க வேண்டும் என்று சொல்லும் கல்லூரிகள் நிறைய. நம் பி.எஸ்சி. நர்சிங்கில் உயிர்வேதியியல் சத்துணவுப் பாடத்தோடு ஒட்டி வருவதால் அதைத் தனி வேதியியல் பாடமாக ஏற்காமல் போகலாம். கம்யூனிட்டி காலேஜில் ஆய்வகத்தோடு கூடிய வேதியியல் ஒன்று, புள்ளியியல் ஒன்று எடுத்து இரண்டிலும் ஏ வாங்குங்கள். முடிந்தால் முதுகலை நிலையில் நோய்க்கூற்று உடலியங்கியல் அல்லது மருந்தியல் ஒன்றும் எடுங்கள். சேர்க்கைக் குழுவுக்கு உங்கள் பழைய 68 சதவீதம் என்ன சொல்கிறது என்று புரியாமல் இருக்கலாம். போன பருவத்து ஏ யாருக்கும் புரியும். ஜி.ஆர்.ஈ. என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வைக் கேட்கும் கல்லூரிகள் குறைந்துவிட்டன, கேட்காத இடங்களைத் தேர்ந்து விண்ணப்பித்தாலே போதும்.

பணத்தைப் பற்றி இப்போதே கணக்குப் போட்டாக வேண்டும். கல்விக் கட்டணம் மட்டுமே ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். படிக்கும்போது வேலை பார்க்க முடியாது, பல கல்லூரிகள் கூடாது என்றே எழுதி வாங்கும். கிரீன் கார்டு இருப்பதால் மத்திய அரசுக் கடனுக்கு நீங்கள் தகுதியானவர். ஆனால் 2025 ஜூலையில் வந்த சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு மேற்படிப்பு மாணவருக்கான கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடன் கிடையாது. மேற்படிப்புக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 டாலர் என்பது வரம்பு. தொழிற்படிப்பு என்று வகைப்படுத்தியவற்றுக்கு மட்டும் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000. உங்கள் படிப்பை எந்த வரிசையில் வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்திலும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மீதியைத் தனியார் கடன்தான் நிரப்ப வேண்டும் என்றால், ஊரில் வாங்கிய வீட்டுக் கடனையும் தம்பி தங்கை படிப்புச் செலவையும் சேர்த்து உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் அதையும் யோசியுங்கள். இந்தியாவில் மயக்க மருந்து கொடுப்பது மருத்துவரின் பணி, அங்கே சி.ஆர்.என்.ஏ. என்ற பதவி இல்லை.

சி.சி.ஆர்.என்.: இது தீவிர சிகிச்சை நர்சுகளின் சான்றிதழ், ஏ.ஏ.சி.என். என்ற தீவிர சிகிச்சை நர்சுகள் சங்கம் நடத்துகிறது. சில கல்லூரிகளில் கட்டாயம், மற்ற இடங்களிலும் இல்லாதவரை விட இருப்பவருக்கே கை ஓங்கும். தகுதி: கடந்த 2 ஆண்டில் நோயாளியை நேரடியாகக் கவனித்த 1,750 மணி நேரம், அதில் 875 மணி கடைசி ஓராண்டுக்குள். வாரம் 36 மணி வேலை பார்த்தால் 49 வாரத்தில் எட்டிவிடும், உங்களுக்கு ஏற்கெனவே தகுதி வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ஜே.சி.ஐ. என்ற சர்வதேச மருத்துவமனைத் தர அமைப்பின் அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டு மருத்துவமனையின் மணிநேரத்தை ஏ.ஏ.சி.என். ஏற்கும். அதைப் பார்த்துவிட்டுக் கல்லூரியும் ஏற்கும் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தேர்வு 3 மணி நேரம், 150 கேள்வி. அதில் 125க்குத்தான் மதிப்பெண், மீதி 25 சோதனைக் கேள்விகள், எவை என்று தெரியாது. ஏறத்தாழ 80 சதவீதம் மருத்துவத் தீர்மானம், 20 சதவீதம் அறநெறியும் நோயாளிப் பராமரிப்பும். இதய அறுவை ஐ.சி.யூ.காரர்கள் இதயப் பகுதியில் கொட்டி முழக்கிவிட்டு, நாளமில்லாச் சுரப்பி, ரத்தவியல், நரம்பியல், மனநலம் போன்றவற்றில் மதிப்பெண்ணை விடுவார்கள். உங்கள் பிரிவில் டி.கே.ஏ. (சர்க்கரை நோயில் ரத்தம் அமிலமாகும் நிலை) நோயாளியோ, மூளை அழுத்தம் கூடிய நோயாளியோ வருவதில்லை என்றால் அவற்றுக்குத்தான் அதிக நேரம் வேண்டும். எட்டிலிருந்து பத்து வாரம், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். அறநெறிப் பகுதியில் நம் பழக்கம் காலை வாரும். குடும்பத்தாரிடம் சொல்லி நோயாளியிடம் மறைப்பது, மருத்துவர் சொன்னதை அப்படியே ஏற்பது போன்ற விடைகள் அங்கே தவறு. நோயாளியின் சொந்த விருப்பம்தான் முதலில், நர்ஸ் அவருக்காகப் பேச வேண்டும்.

நிழல்பணி, அதாவது ஒரு சி.ஆர்.என்.ஏ.வோடு அறுவை அரங்கில் நின்று பார்ப்பது, பெரும்பாலும் 8 முதல் 40 மணி நேரம் கேட்பார்கள். மணிநேரத்தை எண்ணுவதோடு நிற்காமல், ஒரு நோயாளியை முன்பரிசோதனையிலிருந்து மீட்பு அறை வரை முழுமையாகப் பின்தொடருங்கள். பரிந்துரைக் கடிதம் வழக்கமாக மூன்று. உங்களை நேரடியாகப் பார்க்கும் நர்ஸ் மேனேஜருடையது அதில் கட்டாயம் இருக்கும், எனவே திட்டத்தை அவரிடம் மறைக்காதீர்கள். கட்டுரையில் சின்ன வயதிலிருந்தே சேவை மனப்பான்மை என்று தொடங்க வேண்டாம். நீங்கள் எடுத்த ஒரு மருத்துவத் தீர்மானம், அதன் காரணம், அதன் விளைவு என்று எழுதுங்கள்.

நேர்காணலில் ஒன்று சூழல் கேள்விகள், இன்னொன்று மருத்துவக் கேள்விகள். இரண்டாவதில்தான் பலர் தயங்குகிறார்கள். உங்கள் நோயாளி என்ன டிரிப்பில் இருந்தார் என்பார்கள். நார்எபினெஃப்ரின் என்று சொன்னால் அதிலிருந்து தோண்டுவார்கள். ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பது வார்டு பதில். ஆல்ஃபா 1 ஏற்பி வழியாக ரத்தநாளம் சுருங்குகிறது, பீட்டா 1 வழியாக இதயச் சுருக்கமும் கொஞ்சம் கூடுகிறது, அதனால்தான் ரத்தநாளம் தளர்ந்த செப்டிக் அதிர்ச்சியில் இதை முதலில் எடுக்கிறோம் என்பது அவர்கள் எதிர்பார்க்கும் பதில். அப்படியானால் ஏன் வாசோபிரசின் சேர்த்தீர்கள்? அது வி1 ஏற்பியில் வேலை செய்கிறது, ரத்தத்தில் அமிலம் கூடி ஆல்ஃபா ஏற்பிகள் மந்தமாகும்போதும் பலன் தரும். ஃபினைல்எஃப்ரின் கொடுத்தால் நாடி ஏன் குறைகிறது? தூய ஆல்ஃபா 1 என்பதால் அழுத்தம் ஏறும், கழுத்துத் தமனி அழுத்த உணரிகள் அதைக் கண்டு வேகஸ் நரம்பு வழியாக இதயத்தைத் தணிக்கும். மில்ரினோன் சிறுநீரகம் பழுதானவரிடம் ஏன் ஆபத்து? சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து தேங்கி, நாளங்கள் மேலும் தளர்ந்து அழுத்தம் விழும். இப்படி ஒவ்வொரு மருந்துக்கும் மூன்று படி இறங்கிப் பழகுங்கள்.

உங்கள் பிரிவில் இருந்தே கேட்பார்கள்: பைபாஸ் முடிந்த நான்காம் மணியில் மார்புக் குழாயில் வடிதல் திடீரென நின்றுவிட்டது, சிரை அழுத்தம் ஏறுகிறது, தமனி அழுத்தம் இறங்குகிறது. ரத்தக்கசிவு நின்றது நல்லதுதான் என்று சொன்னால் அங்கேயே முடிந்தது. குழாய் அடைத்து இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கி அமுக்குகிறது என்று சந்தேகித்து, அறுவை மருத்துவரை அழைத்து, மார்பைத் திறக்கும் பெட்டியைப் படுக்கையருகே கொண்டுவருவது வரை சொல்ல வேண்டும். தெரியாத கேள்வி வந்தால் ஊகித்து அடித்துவிடாதீர்கள். இது எனக்குத் தெரியாது, ஆனால் இப்படி யோசிப்பேன் என்று வாய்விட்டு யோசியுங்கள். மயக்க மருந்துத் துறையில் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுகிறவரைக் கண்டுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். ஆங்கிலத்தைப் பற்றி ஒரே ஒரு சொல்: உச்சரிப்பு பிரச்சினையே இல்லை, அவசரமாகப் பேசுவதுதான் பிரச்சினை.

படிப்புக்குள் நுழைந்தபின் கணக்கு வேறு. பட்டம் பெறக் குறைந்தது 600 நோயாளிகளுக்கு மயக்கம் கொடுத்திருக்க வேண்டும், 2,000 மணி நேர மருத்துவப் பயிற்சி வேண்டும். குழந்தைகள், மகப்பேறு, இதய அறுவை, தண்டுவட மயக்கம் எனத் தனித்தனிக் கீழ்வரம்புகளும் உண்டு. இடையில் சீ எனப்படும் சுயமதிப்பீட்டுத் தேர்வு வரும், 240 கேள்வி, 4 மணி நேரம். அதைச் சடங்காக எழுதாதீர்கள். பகுதிவாரியாக அது தரும் மதிப்பெண்தான் இறுதித் தேர்வுக்கான உங்கள் பாடத்திட்டம்.

இறுதித் தேர்வை என்.பி.சி.ஆர்.என்.ஏ. என்ற தேசியச் சான்றிதழ் வாரியம் நடத்துகிறது. என்கிளெக்ஸ் எழுதியவருக்கு வடிவம் பழக்கமானதே. கணினி உங்கள் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தை மாற்றும், திரும்பிப் போக முடியாது. குறைந்தது 100 கேள்வி, அதிகம் 170, நேரம் 3 மணி. அவற்றில் 30 சோதனைக் கேள்விகள். 100இல் நின்றுவிட்டால் தோல்வி என்று பொருளில்லை, கணினிக்கு உறுதி வந்துவிட்டது என்றுதான் பொருள். எல்லாக் கேள்வியும் கடினமாகத் தோன்றும், அதுதான் இயல்பு. 170 வரை போகும் என்றே வைத்துக்கொண்டு, கேள்விக்கு ஒரு நிமிடம் என்று ஓட்டுங்கள். அடிப்படை அறிவியல், கருவிகள், மயக்கமருந்தின் பொதுநெறிகள், அறுவை வகைகளும் சிறப்பு நோயாளிகளும் என நான்கு பகுதி. கடைசி இரண்டும் சேர்ந்து பாதிக்கும் மேல்.

பலர் ஒதுக்கிவைக்கும் கருவிப் பகுதியில்தான் எளிதாக மதிப்பெண் எடுக்கலாம். காரணம், அங்கே கேள்விகள் இயற்பியலின் வழியே வரும், மாறாது. 'ஈ' (E) என்ற அளவுள்ள ஆக்சிஜன் உருளை நிரம்பினால் அழுத்தம் 1,900 பி.எஸ்.ஐ., வாயு 660 லிட்டர். அழுத்த அளவி 1,000 காட்டினால் 660ஐ 1,900ஆல் வகுத்து 1,000ஆல் பெருக்குங்கள், ஏறத்தாழ 347 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் 69 நிமிடம். இதே கணக்கை நைட்ரஸ் ஆக்சைடுக்குப் போட்டால் தவறு. அது உள்ளே திரவமாக இருப்பதால் திரவம் தீரும்வரை அளவி 745இலேயே நிற்கும், எவ்வளவு மிச்சம் என்பதை எடைபோட்டுத்தான் அறிய முடியும்.

இன்னொரு அடிக்கடி வரும் பொறி: சுவர்க் குழாயில் ஆக்சிஜனுக்குப் பதில் வேறு வாயு வருகிறது, என்ன செய்வீர்கள்? உருளையைத் திறப்பேன் என்பது பாதி விடை. சுவர் அழுத்தம் சுமார் 50 பி.எஸ்.ஐ., உருளையிலிருந்து குறைத்து வருவது சுமார் 45. அழுத்தம் அதிகமுள்ள சுவர் வாயுதான் தொடர்ந்து நோயாளிக்குப் போகும். ஆகவே உருளையைத் திறந்து, சுவர் இணைப்பையும் கழற்ற வேண்டும். 50, 45 என்ற இரண்டு எண்ணும் தெரிந்தவர் இந்தக் கேள்வியை எந்த வேடத்தில் கேட்டாலும் பிடித்துவிடுவார்.

மருந்துக் கணக்குகளை மனதில் ஓடும்வரை பழகுங்கள். எபினெஃப்ரின் சேராத லிடோகெய்ன் (ஓரிடத்தை மட்டும் மரக்கவைக்கும் மருந்து) உச்ச அளவு கிலோவுக்கு 4.5 மில்லிகிராம், மொத்தம் 300ஐத் தாண்டக்கூடாது. 60 கிலோ என்றால் 270 மில்லிகிராம். 2 சதவீதக் கரைசலில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம், ஆக 13.5 மில்லிலிட்டர். சதவீதத்தை 10ஆல் பெருக்கினால் ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்பதை மறந்து 2 மில்லிகிராம் என்று எடுத்துப் பத்து மடங்கு தவறுகிறவர்கள் உண்டு. அனுமதிக்கத்தக்க ரத்த இழப்பும் அப்படித்தான்: 70 கிலோ ஆணுக்கு கிலோவுக்கு 75 வீதம் 5,250 மில்லிலிட்டர் ரத்தம். ஹிமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 42இலிருந்து 28 வரை இறங்கலாம் என்றால் வித்தியாசம் 14, அதை 42ஆல் வகுத்தால் மூன்றில் ஒன்று, ஆக 1,750. மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியாவுக்கு (மயக்க மருந்தால் உடல்வெப்பம் ஆபத்தாக ஏறுவது) டான்ட்ரோலின் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், லிடோகெய்ன் போன்ற மரக்கவைக்கும் மருந்துகளின் நச்சுக்கு 20 சதவீதக் கொழுப்புக் குழம்பு கிலோவுக்கு 1.5 மில்லிலிட்டர் என்பவை தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும்.

கடைசிப் பன்னிரண்டு வாரம் நாளுக்கு 50, 60 கேள்வி போதும், 200 போட்டு விளக்கத்தைப் படிக்காமல் விடுவது வீண். தவறிய ஒவ்வொன்றையும் மூன்றில் ஒன்றாகக் குறியுங்கள்: தெரியவில்லை, கேள்வியைத் தவறாகப் படித்தேன், இரண்டில் ஒன்றைத் தவறாக எடுத்தேன். முதல் வகைக்குப் புத்தகம், இரண்டாவதற்கு வேகத்தைக் குறைப்பது, மூன்றாவதற்கு அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே வரியில் எழுதுவது. மூன்றுக்கும் ஒரே மருந்தாக இன்னும் கேள்வி போடுவதால்தான் மதிப்பெண் ஒரே இடத்தில் நிற்கிறது. படிப்பு முடிந்த 2 ஆண்டுக்குள் தேர்ச்சி பெறாவிட்டால் படிப்பையே மறுபடி செய்ய வேண்டிவரும், அதனால் பட்டம் வாங்கிய சில வாரங்களுக்குள், படித்தது சூடாக இருக்கும்போதே தேதியைப் பதிவு செய்துவிடுங்கள். தேர்ச்சிக்குப் பிறகும் மாநில நர்சிங் போர்டில் உயர்நிலை நர்ஸ் உரிமத்துக்குத் தனியாக விண்ணப்பித்து பொதுவாக அது கைக்கு வந்த பிறகே சி.ஆர்.என்.ஏ.வாக வேலையைத் தொடங்க முடியும். அந்த விண்ணப்பத்திலும் பெயர் அதே வடிவத்தில்தான் இருக்க வேண்டும்.